படைக் குறைப்பின் ஐந்தொகையில் பற்றுப் பக்கமும் எழுதப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரைப்படையின் ஆள்பலத்தைக் குறைத்து, அதனால் மிச்சமாகும் பணத்தை நவீனத் தளவாடங்களுக்குத் திருப்ப வேண்டும் என்று வலியுறுத்தி அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்த தலையங்கத்தைக் கண்டனூரில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இரண்டு முறை படித்தேன். மதராஸ் சேப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவில் 28 ஆண்டுகள் பணியாற்றி, 2012இல் சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். என் தந்தையார் இவ்வூரில் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்கு எழுதி வந்தவர். வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாமல் விட்ட பேரேட்டில் ஐந்தொகை (வரவையும் பற்றையும் சரிபார்க்கும் இறுதிக் கணக்கு) எடுக்க முடியாது என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் என்பதால், தலையங்கத்தில் விடுபட்டிருந்த அந்தப் பற்றுப் பக்கத்தைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். 2025-26 ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்ட 6.81 லட்சம் கோடி ரூபாயில் ஏறத்தாழ 1.61 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்கே போனது. புதிய தளவாடம் வாங்குதல் உள்ளிட்ட மூலதனச் செலவுக்குக் கிடைத்தது 1.80 லட்சம் கோடிதான். அந்த ஓய்வூதியத்தை மாதந்தோறும் வாங்கி உண்பவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்கவில்லை. பாதுகாப்புத் துறையில் பணியாற்றிய சீருடை அணியாத ஊழியர்களின் ஓய்வூதியமும் இத்தொகைக்குள் அடக்கம் என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். அதேபோல, படை இளமையாக இருக்க வேண்டும் என்ற வாதத்தையும் என் உடம்பே எனக்கு உணர்த்தியிருக்கிறது. லடாக்கின் உயரத்தில் 36 வயதில் சுமை தூக்கி ஏறியபோது, எனக்குப் பின்னால் வந்த இருபது வயதுப் பையன்கள் என்னைக் கடந்து சென்று, மேலே காத்திருந்து, திரும்ப இறங்கி வந்து என் சுமையில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டார்கள். நான்கு ஆண்டுப் பணிக்கு இளைஞர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தை 2022 ஜூன் 14 அன்று அறிவித்தபோது படையினரின் சராசரி வயது 32இலிருந்து 26ஆகக் குறையும் என்று அரசு சொன்னது. அந்த நோக்கத்தில் நான் குறை காணவில்லை.

குறைப்பதிலும் நல்ல குறைப்பு உண்டு. லெப்டினன்ட் ஜெனரல் டி. பி. சேகட்கர் தலைமையிலான குழு 2016இல் அளித்த பரிந்துரைகளில் 65ஐ அரசு 2017இல் ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ 57,000 பேரை வேறு பணிகளுக்கு மாற்றுவதும், 39 ராணுவப் பால்பண்ணைகளை மூடுவதும் அவற்றில் அடங்கும். 1889இல் அலகாபாத்தில் தொடங்கிய அந்தப் பண்ணைகளின் கதை 132 ஆண்டுகளுக்குப் பிறகு 2021 மார்ச் 31 அன்று முடிந்தது. அவற்றின் பாலைக் குடித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். பண்ணைகள் மூடப்பட்ட செய்தியைப் படித்தபோது மனம் சற்று கனத்தது உண்மை. ஆயினும் எந்த நகரிலும் பால் பாக்கெட் கிடைக்கும் காலத்தில், சிப்பாய் மாடு மேய்க்கத் தேவையில்லை. அந்த முடிவு சரியானதே.

ஆனால் பால்பண்ணையை மூடுவதும், சிப்பாய்களை வழிநடத்தும் ஒரு ஹவில்தாரை உருவாக்கும் வழியை மூடுவதும் ஒன்றல்ல. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல விரும்புவது இதுதான்.

பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்து 2001 டிசம்பரில் தொடங்கிய பராக்கிரம் நடவடிக்கையின்போது மேற்கு எல்லை நெடுகக் கண்ணிவெடிகளைப் புதைக்கும் வேலை சேப்பர்களிடம் வந்தது. படைகள் திரும்பியபோது அவற்றை எடுக்கும் வேலையும் எங்களுடையதே. அப்போது நான் ஹவில்தார். ராஜஸ்தான் மணற்பரப்பில் ஒரு நாள் காலை, ரெக்கார்டில் இருந்த வரைபடத்தின்படி வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டு போனோம். எண்ணிக்கை சரியாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று எங்கள் நாயப் சுபேதார் கையை உயர்த்தி எல்லாரையும் நின்ற இடத்திலேயே நிறுத்தினார். மணலை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "தம்பி, ரெக்கார்டுல இருக்கிறது புதைச்ச அன்னைக்கு இருந்த மணல். இது வேற மணல்," என்றார். காற்று மணலை நகர்த்தியிருந்தது. மணலோடு வெடிகளும் நகர்ந்திருந்தன. நாங்கள் அடுத்துக் கால் வைக்கவிருந்த இடத்திலிருந்து இரண்டு அடிக்குள் ஒரு வெடி இருந்தது. அன்று என்னோடு இருந்த எட்டுப் பேரும் இன்று உயிரோடு இருப்பதற்கு அந்த மனிதர் 24 ஆண்டுகள் படையில் இருந்ததைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த அறிவு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை. அவருக்கு அதை ஒரு மூத்தவர் கற்றுக்கொடுத்திருந்தார். அவரிடமிருந்து எனக்கு வந்தது. என்னிடமிருந்து சிலருக்குப் போயிருக்கிறது.

அக்னிபத்தின் கீழ் அக்னிவீரராகச் சேரும் பையனின் நான்கு ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். அடிப்படைப் பயிற்சிக்கு ஆறு மாதம். ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. மீதம் சுமார் மூன்றேகால் ஆண்டு. நூற்றில் 25 பேருக்கு மேல் நிரந்தரமாக்கப்பட மாட்டார்கள் என்பதால், கடைசி ஆண்டில் அவன் மனம் வேலையில் பாதியும் கவலையில் பாதியுமாகத்தான் இருக்கும். இரும்புப் பேனல்களைக் கோத்து நாங்கள் கட்டும் பெய்லி பாலத்தின் பேனல் ஒன்று பத்தடி நீளமும் ஏறத்தாழ 260 கிலோ எடையும் கொண்டது. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். அறுவரில் ஒருவன் கை தளர்ந்தால் மற்ற ஐவரும் அவனுடைய பாரத்தைத் தாங்கிக்கொள்வார்கள், வெளியே சொல்லவும் மாட்டார்கள். அந்த அறுவரும், நூற்றுக்கு 25 என்ற கணக்கில், ஒன்றரை இடத்துக்குப் போட்டியிடுபவர்களாக இருந்தால் அந்தப் பாரத்தை யார் தாங்குவார்கள் என்ற கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. 2024 ஆகஸ்ட் 1 அன்று வயநாட்டின் சூரல்மலையில் நிலச்சரிவுக்கு நடுவே 190 அடி நீளப் பெய்லி பாலத்தை எங்கள் படைப்பிரிவினர் இரண்டு நாளுக்குள் கட்டி முடித்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த வேகம் இளம் தோள்களால் மட்டும் வந்ததல்ல. பேனல்களை இணைக்கும் ஊசிகளில் எதை எந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்று கத்திக்கொண்டு நின்ற ஹவில்தார்களின் குரலாலும் வந்தது.

செட்டிநாட்டுக்கு இந்தக் கருத்து புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், கடையை நடத்தும் மேலாளை மூன்றாண்டுக் கணக்குக்கு அனுப்பி, அது முடிந்ததும் அடுத்தவரை அனுப்பினார்கள். குறுகிய காலப் பணி என்பது அவர்களுக்குப் பழகிய ஒன்று. ஆனால் அப்படிப் போனவர் சிறுவயதிலேயே பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக இருந்து, கணக்கும் மனிதரும் பழகிய பிறகே மேலாளானார். ஒரு கணக்கு முடிந்து ஊர் திரும்பியவர் அதோடு கைவிடப்பட்டவரும் அல்லர். சில காலம் ஓய்ந்திருந்துவிட்டு மறுபடியும் கப்பலேறினார். சுழற்சி இருந்தது, ஆனால் சுழன்றவர்கள் ஒரே ஆட்கள். அக்னிபத்தில் சுழற்சி மட்டும் இருக்கிறது.

சிக்கனத்துக்காகப் படையைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்களாகிய நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 1758இல் தொடங்கிய மதராஸ் ரெஜிமென்ட் நாட்டின் மிகப் பழைய காலாட்படைகளில் ஒன்று. முதல் உலகப் போருக்குப் பின் செலவைக் குறைக்க இஞ்ச்கேப் குழு பரிந்துரைத்த காலத்தில், 1923க்கும் 1928க்கும் இடையே அதன் நிரந்தரப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. தென்னாட்டார் போர்க்குணம் அற்றவர்கள் என்ற ஆங்கிலேய அதிகாரிகளின் பழைய எண்ணமும் அதற்குத் துணை நின்றது. ஒன்றரை நூற்றாண்டாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த ஒரு மூலப்படை சில ஆண்டுகளில் இல்லாமற்போயிற்று. சேப்பர்கள் மட்டும் தப்பினார்கள். பிறகு 1942 வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றியதையும், பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலத்தைக் கையில் வைத்திருந்த செட்டிநாட்டுக் குடும்பங்கள் அனைத்தையும் விட்டுவிட்டுக் காடு மலை கடந்து நடந்து வந்ததையும் நான் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கலைக்கப்பட்ட பட்டாலியன்கள் இருந்திருந்தால் ரங்கூன் விழுந்திருக்காது என்று நான் வாதிடவில்லை. ஆனால் அதே காலத்தில்தான், போர் கழுத்துக்கு வந்த பிறகு, மதராஸ் ரெஜிமென்ட்டை அரசு மறுபடியும் அடியிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. கலைப்பதற்கு ஓர் ஆணை போதுமாக இருந்தது. மீண்டும் கட்டும்போது நாயக்கும் ஹவில்தாரும் கடையில் கிடைக்கவில்லை.

சுதந்திர இந்தியாவிலும் இதன் சிறிய வடிவத்தை நான் கண்டிருக்கிறேன். 1998இல், ஜெனரல் வி. பி. மாலிக் தலைமைத் தளபதியாக இருந்தபோது, 50,000 இடங்களை நிரப்பாமல் நிறுத்தி அந்தப் பணத்தை நவீனமயமாக்கலுக்குப் பயன்படுத்தத் திட்டமிடப்பட்டது. அடுத்த ஆண்டே கார்கில் வந்தது, திட்டம் கைவிடப்பட்டது. சீன எல்லைக்காக 2013இல் ஒப்புதல் பெற்ற 17ஆவது மலைத் தாக்குதல் கோர் எனும் பெரும் படையணிக்கு 90,000 பேர் திட்டமிடப்பட்டிருந்தனர். பணம் போதாமல் அது பாதியிலேயே நின்றது. கூட்டுவதும் குறைப்பதும் போர்த்தேவையால் அன்றிக் கருவூலத்தின் நிலையால் முடிவாவதைத்தான் இரண்டிலும் பார்க்கிறேன்.

வெளிநாடுகளில் ரஷ்யாவைச் சற்று கவனிக்க வேண்டும். 2008இல் தொடங்கிய சீர்திருத்தத்தில் அந்நாடு டிவிஷன் எனும் பெரும் படைப்பிரிவுகளைக் கலைத்துச் சிறிய பிரிகேடுகளாக்கியது, அதிகாரிகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது, பட்டாலியன் அளவிலான சிறிய போர்க்குழுக்களை நம்பியது. காகிதத்தில் அழகான அமைப்பு. 2022இல் உக்ரைனுக்குள் நுழைந்தபோது டாங்கிகள் இருந்தன, அவற்றோடு நடந்து செல்லும் காலாட்படை போதவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே மூன்று லட்சம் பேரை அவசரமாகத் திரட்ட நேர்ந்தது. பிரிட்டன் 1,02,000 பேர் கொண்ட தரைப்படையை 82,000ஆகக் குறைத்து, தேவைப்படும்போது அழைக்கப்படும் ரிசர்வ் வீரர்களைக் கொண்டு இடைவெளியை நிரப்புவதாகச் சொன்னது. நிரந்தர வீரர்கள் போன வேகத்தில் ரிசர்வ் வீரர்கள் வரவில்லை. தேவகோட்டையிலிருந்து எட்டிப் போய்விடக்கூடிய தொண்டிக் கடலுக்கு அப்பால், இலங்கை 2023 ஜனவரியில் தன் 2,00,783 பேர் கொண்ட படையை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்பதாக அறிவித்தது. அது திவாலான நாடு வேறு வழியின்றி எடுத்த முடிவு. நாம் அந்த நிலையில் இல்லை. நிதானமாகச் செய்ய நமக்கு நேரம் இருக்கிறது.

குறைப்பை ஆதரிப்பவர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவது சீனாவை. 1985இல் பத்து லட்சம் பேரையும், 2015இல் அறிவித்து மூன்று லட்சம் பேரையும் குறைத்த அந்நாடு, ஏழு ராணுவப் பிராந்தியங்களை 2016இல் ஐந்து கூட்டுக் கட்டளைகளாக்கியதும் உண்மையே. ஆனால் அதே 2016இல் முன்னாள் வீரர்கள் ஆயிரம் பேருக்கு மேல் பெய்ஜிங்கில் பாதுகாப்பு அமைச்சகக் கட்டடத்தின் முன் சீருடையோடு வந்து நின்றதையும், அதன்பின் 2018இல் முன்னாள் படைவீரர்களுக்கென்றே தனி அமைச்சகம் ஏற்படுத்த வேண்டி வந்ததையும் அவர்கள் சொல்வதில்லை. வெளியே அனுப்பப்பட்ட வீரனின் செலவு பாதுகாப்புக் கணக்கிலிருந்து நீங்கியது. நாட்டின் கணக்கிலிருந்து நீங்கவில்லை.

இங்கேதான் பணக் கணக்கையும் மறுபடி பார்க்க வேண்டும். பழைய முறையில் 2022இல் சேர்ந்திருக்கக்கூடிய சிப்பாய் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கும் காலம் 2037க்குப் பிறகுதான் வரும். ஆகவே அக்னிபத்தால் ஓய்வூதியத் தலைப்பில் கிடைக்கும் மிச்சம் பதினைந்து ஆண்டுகள் கழித்தே கையில் சேரும். அனுபவ இழப்போ முதல் தொகுதி வெளியேறும் நாளிலிருந்தே தொடங்கிவிடும். நாளை வரப்போகும் வரவுக்காக இன்றே பற்று எழுதுகிறோம். அதுவும் தவறில்லை, ஆனால் எழுத வேண்டும். கொரோனாக் காலத்தில் இரண்டு ஆண்டுகள் ஆள்சேர்ப்பே நடக்காததால் படையில் ஏற்கெனவே பெரும் பற்றாக்குறை இருக்கும்போது, 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ருத்ரா பிரிகேடுகளுக்கும் பைரவ் பட்டாலியன்களுக்கும் காலாட்படையின் ட்ரோன் பிளாட்டூன்களுக்கும் ஆட்கள் இருக்கும் பட்டாலியன்களிலிருந்துதான் எடுக்கப்படுவார்கள். புதியவை தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தாய்ப் பட்டாலியனில் மிஞ்சுபவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் பத்தாண்டு கண்டவர்கள் என்பதே என் கேள்வி.

எங்கள் தெருவில் எதிர் வீட்டுப் பையன் முதல் தொகுதியில் சேர்ந்தான். அவனை ஓட்டப் பயிற்சிக்குத் தினமும் விடியற்காலையில் எழுப்பியவன் நான். 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சென்ற அத்தொகுதியினரின் நான்காண்டு 2026 இறுதியில் முடியத் தொடங்குகிறது. வெளியே வரும்போது அவனுக்குக் கிடைக்கும் சேவை நிதி சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதில் பாதி அவனுடைய சம்பளத்திலிருந்தே பிடித்தது. ஓய்வூதியம், பணிக்கொடை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், கேன்டீன், முன்னாள் படைவீரர் என்ற தகுதி எதுவும் கிடையாது. அவன் தாயார் வீட்டைப் பழுது பார்க்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது, மகன் எத்தனை ஆண்டு வேலையில் இருப்பான் என்று கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். "அண்ணே, பட்டாளத்துக்காரன் அம்மான்னா முன்னெல்லாம் நாற்காலி போடுவாங்களே," என்று அந்தத் தாய் என்னிடம் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குக் காவலாள் கிடைப்பதில்லை என்று பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். காவல் வேலை கௌரவமான வேலை. என் நண்பர்கள் பலர் ஓய்வூதியத்தோடு அதையும் பார்க்கிறார்கள். ஆனால் 23 வயதில், கண்ணிவெடி எடுக்கவும் பாலம் கட்டவும் நாடு பணம் செலவழித்துக் கற்றுக்கொடுத்த ஒருவனுக்கு அதுதான் முதல் வழி என்றால், செலவழித்த பணத்தை யார் கணக்கில் எழுதுவது?

இதற்கு வழி சொன்னவர் ஒரு தமிழரே என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் அவர்களின் தலைமையில் அமைந்த கார்கில் ஆய்வுக் குழு, பணிக்காலத்தை 17 ஆண்டுகளிலிருந்து ஏழு முதல் பத்து ஆண்டுகளாகக் குறைத்து, அப்படி விடுவிக்கப்படுபவர்களைத் துணை ராணுவப் படைகளுக்கு மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதில் இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதியை எடுத்து, ஏழு ஆண்டை நான்காக்கினோம். இரண்டாம் பாதியை, மத்திய ஆயுதக் காவல் படைகளில் 2022இல் பத்து விழுக்காட்டில் தொடங்கிய ஒதுக்கீடாகச் சுருக்கினோம். சிவகங்கைக்குப் பக்கத்தில் இலுப்பைக்குடியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. பனிமலையில் பழகிய அக்னிவீரன் நான்காண்டு முடித்த மறுநாளே, மறு தேர்வு இல்லாமல், பணிமூப்பு கெடாமல் அந்த வாசலுக்குள் நுழைய முடிந்தால் இத்திட்டத்தின் மீது எனக்குள்ள குறைகளில் பாதி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி படைக்குள்ளேயே தீர வேண்டியது. எல்லாப் பிரிவுக்கும் ஒரே 25 விழுக்காடு என்பது பொருந்தாது. பொறியாளர், சிக்னல்ஸ், வான்பாதுகாப்பு போன்ற பிரிவுகளில் கற்கவே மூன்றாண்டு ஆகிறது. அங்கே தக்கவைக்கும் அளவு பாதிக்கு மேல் இருந்தாலொழியப் பத்தாண்டு கழித்து ஹவில்தார் பதவிக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். வெளியேறுபவர்களை ரிசர்வ் பட்டியலில் வைத்து, ஆண்டுக்குச் சில வாரங்கள் பயிற்சிக்கு அழைத்து, அதற்கு ஒரு தொகையும் கொடுக்கலாம். ஏழாண்டுப் பணியும் அதன்பின் ரிசர்வும் என்ற முறை நம் படையிலேயே முன்பு இருந்ததுதான். இவை செலவு வைக்கும் யோசனைகள் என்பதை அறிவேன். மிச்சத்தில் ஒரு பகுதி குறையும். குறையட்டும்.

தங்கள் நாளிதழ் மூலம் நான் அரசிடம் கேட்பது ஒன்று. முதல் தொகுதியினர் வெளியே வருமுன்பாக, எந்தப் படைப்பிரிவில் எத்தனை பேர் தக்கவைக்கப்படுகிறார்கள், மற்றவர்களில் எத்தனை பேருக்கு எந்தத் துறையில் இடம் உறுதி செய்யப்பட்டிருக்கிறது என்ற விவரத்தைப் பிரிவுவாரியாகவும் மாநிலவாரியாகவும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். நம் மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினரும் இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த விவரம் வந்தால், எதிர் வீட்டுத் தாயிடம் சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர்,
கண்டனூர், காரைக்குடி வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.